ஓரத்துக் கிட்டார்க்காரன்

அந்தக் குழுவில் இருந்தது நான்கு பேர். யாரைக் கேட்டாலும் மூன்று பேர் என்பார்கள். கண்ணைத்தான் குறை சொல்ல வேண்டும். காதையும் சேர்த்தே சொல்லலாம்.

பாடுகிறவன் ஒருத்தன். மினுமினுக்கிற கோட்டை மாட்டிக்கொண்டு, பாட்டு முடியும்போதெல்லாம் இரண்டு கையையும் விரித்து நிற்பான். கோட்டைத் தைத்துக் கொடுத்தவள் அவனுக்கு மயில் என்று பெயர் வைத்தாள். லீட் கிட்டார் ஒருத்தன். இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டான், படியில் தடுக்கி விழுந்தாலும் சரி. டிரம்ஸ் ஒருத்தன். அவன் அடிக்கிற அடியைப் பார்த்தால் அது அவன் குடும்பத்துக்கு ஏதோ துரோகம் செய்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். நான்காவது ஆள் தையற்காரியின் தம்பி. முதல் நிகழ்ச்சியில் அவனைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நின்றான். காதோரம் நரைத்த பிறகும் அங்கேயேதான் நிற்கிறான். பேரே ஓரம் என்றாகிவிட்டது. அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறானே, அதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

இரண்டு அறை வீடு. முன்னறையில் அக்காவின் தையல் மெஷின், பின்னறையில் அவன் கட்டில், கட்டிலுக்கு அடியில் கிட்டார். பகலில் அவன் மோட்டார் வைண்டிங் கடைக்குப் போவான். எரிந்துபோய் வருகிற மின்விசிறியையும் தண்ணீர் மோட்டாரையும் பிரித்துப் போட்டு, செப்புக் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பது வேலை. அந்தக் கடை இரைச்சலில் பேசினால் தொண்டைதான் போகும். அதனால் சுற்றி முடித்ததை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிற முதலாளியைப் பார்த்துத் தாடையை ஒரு தரம் தாழ்த்துவான். அவர் சுவிட்சைப் போடுவார். வீட்டிலும் அதே கதைதான். சாப்பிடுகிறாயா என்று அக்கா கேட்டால் தாடை இறங்கும், தட்டு வைப்பாள்.

வாய்தான் இல்லையே தவிர அவனுக்குக் கை இருந்தது. மயில் எங்கே மூச்சு வாங்குவான் என்பது மயிலுக்கே தெரியாது. தம்பிக்குத் தெரியும். அந்த இடத்தில் கிட்டாரைக் கொஞ்சம் அகலமாக விடுவான், மயில் தவிக்கிற தவிப்பு வெளியே கேட்காது. கண்ணாடிக்காரன் விரல் வேகத்தைக் காட்டுகிறேன் என்று ஓட ஆரம்பித்து, பாட்டை விட்டே எங்கேயோ போய்விடுவான். அவன் திரும்பி வந்து சேருகிறவரை, வெளியே போனவனுக்காக வாசல் விளக்கைப் போட்டுவைத்த மாதிரி, தம்பி வாசித்ததையே வாசித்துக்கொண்டு நிற்பான். வந்து சேர்ந்தவனுக்குக் கைதட்டுவார்கள். விளக்குப் போட்டவனை யாருக்கு நினைப்பிருக்கிறது?

குழுவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு பாட்டு. அந்தப் பாட்டையும் தூக்கி நிறுத்தியது அதன் தொடக்கத்தில் கிட்டார் தனியாக வருகிற அந்த இழுப்புதான். அது தம்பி போட்டது. கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது மனசுக்குள் வந்தது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறான். மயில் அதை எல்லா இடத்திலும் “நம்ம மெட்டு” என்றான். நம்ம என்பதில் தம்பி எந்த மூலையில் இருந்தானோ.

இப்படி இருக்கையில், பெரிய மைதானத்தில் ஒரு நிகழ்ச்சியை முழுசாகப் படம் பிடிக்க ஒரு கம்பெனி முன்வந்தது. வாழ்க்கையில் எதையும் கேட்காத தம்பி அப்போது ஒன்று கேட்டான். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் முன்னால் வந்து நின்று வாசிக்கிறேன் என்றான். மயில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அக்கா அன்றைக்கே மிச்சமிருந்த மினுமினுப்புத் துணியில் தம்பிக்கும் ஒரு கோட்டு வெட்டினாள்.

கோட்டில் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது மயில் வீட்டுக்கே வந்தான். கூடவே அவன் மனைவியின் தம்பி. தோளைத் தொடுகிற முடி, சிரித்தால் குழி, வேறெதுவும் கிடையாது.

“ஓரம், தப்பா எடுத்துக்காத,” என்றான் மயில். “படம்னா பாக்க ஒரு அழகு வேணும்ல. வாசிக்கிறது நீதான். ஸ்பீக்கருக்குப் பின்னால உக்காந்து வாசி. உன் எடத்துல மச்சினன் சும்மா நிப்பான்.”

அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். “அப்ப பாடுறதுக்கும் ஒருத்தர உள்ள உக்கார வெச்சிருங்க. நீங்களும் சும்மா நிக்கலாம்.”

“அக்கா, விடு,” என்றான் தம்பி.

“விட்டு விட்டுத்தான்டா இந்த லட்சணத்துல இருக்க.”

மயில் சிரித்து மழுப்பிவிட்டுப் போனான். அவள் கோட்டைப் பாதியில் நிறுத்தவில்லை. வீம்புக்கு முடித்தாள், இஸ்திரி போட்டாள், நிகழ்ச்சியன்று பையில் மடித்து எடுத்துக்கொண்டும் போனாள். மேடையில் எவன் கோட்டாவது பிய்ந்தால் தைக்க வேண்டும் என்று அவளை எப்போதும் பக்கவாட்டுப் படியருகே உட்காரவைப்பது வழக்கம். அங்கிருந்து பார்த்தால் மேடையும் தெரியும், ஸ்பீக்கருக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிற தம்பியும் தெரிவான்.

முதல் பாட்டே அந்தப் பாட்டுதான். தம்பி இருட்டில் அந்த இழுப்பை வாசித்தான். கூட்டம் அடங்கியது. வெளிச்சத்தில் மச்சினன் ஒயரில்லாத கிட்டாரைத் தடவிக்கொண்டு முடியைச் சிலுப்பினான். இழுப்பு முடிகிற இடத்தில் தம்பி எப்போதும் போல் கிட்டாரின் கழுத்தை ஒரு தரம் தாழ்த்தினான். யாரும் தொடங்கவில்லை. இருட்டில் அவன் தாழ்த்தியதை யார் கண்டார்கள்?

அக்கா அப்போதுதான் மேடையைச் சரியாகப் பார்த்தாள். டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, மச்சினன் நின்ற ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மயில் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைப் பார்த்தான். கண்ணாடிக்காரன் கண் எங்கே இருந்ததோ, முகம் ஓரத்தில்தான் இருந்தது. வைண்டிங் கடை முதலாளி சுவிட்சில் கைவைத்துக்கொண்டு பார்ப்பாரே, அந்தப் பார்வை. இத்தனை வருடமும் அவன் தாழ்த்திய பிறகுதான் இவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். பார்க்கிறோம் என்று அவர்களுக்கும் தெரியாது. பார்க்கப்படுகிறோம் என்று இந்த மடையனுக்கும் தெரியாது.

மச்சினன் அழகுக்காகக் கிட்டாரை ஒரு ஆட்டு ஆட்டினான். டிரம்ஸ் விழுந்தது. இன்னொரு ஆட்டு ஆட்டினான். மயில் பாட ஆரம்பித்தான். இரண்டும் வேறு வேறு ஊருக்குப் போகிற பஸ் மாதிரி போயின. நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் மச்சினன் ஆடினான், மறுபடியும் அதே கூத்து. கூட்டம் விசிலடித்தது, பாராட்டி அல்ல. படம் பிடிக்கிறவர்கள் கேமராவை இறக்கிவிட்டு டீ கேட்டார்கள்.

மயில் வியர்த்து வழிந்துகொண்டு பின்னால் வந்தான். “எங்கடா இருக்க?”

“நீங்க வெச்ச எடத்துலதான்,” என்றாள் அக்கா.

அவளை அவன் கண்டுகொள்ளவில்லை. “வா, முன்னால வா. நடுவுல எனக்குப் பக்கத்துல நில்லு, போதுமா?”

தம்பி எழுந்து ஒயரைச் சுருட்டினான். “நடுவுல வேண்டாம். என் எடத்துலயே நிக்கிறேன். மாத்துனா மறுபடியும் தேடுவீங்க.”

“நாங்க எங்கடா உன்னத் தேடுனோம்?”

“கழுத்து சுளுக்குற அளவுக்குத் தேடுனீங்க,” என்றாள் அக்கா. “நான் பாத்தேன்.”

அவளுக்குத் தம்பி மேல்தான் அதிகக் கோபம். கேட்டது கையில் வந்து விழுகிறது, வேண்டாம் என்கிறானே. ஒரு தடவை நடுவில் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“பாட்டு விழுந்துரும்க்கா.”

அதற்கு மேல் அவனிடம் பேசுவதில் பயனில்லை. பையிலிருந்து கோட்டை எடுத்து, சின்னப் பிள்ளைக்கு மாட்டுகிற மாதிரி மாட்டிவிட்டு, பொத்தானையும் அவளே போட்டாள். அவன் போய் ஓரத்தில் நின்றான். வாசித்தான். கிட்டாரின் கழுத்து தாழ்ந்தது. மூன்று பேரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள், சுவிட்சைப் போட்ட மாதிரி. மச்சினன் கீழே இறங்கி வந்து தண்ணீர் குடித்தான். தான் நன்றாகத்தான் செய்தோம் என்று கடைசிவரை நம்பினான்.

படம் வெளிவந்தது. அக்கம்பக்கத்தார் முன்னறையில் கூடி டிவியில் பார்த்தார்கள். கேமராவுக்கு நடுவைத் தவிர வேறு திசை தெரியவில்லை. ஓரத்திலிருந்து ஒரு கிட்டாரின் கழுத்து நுழைகிறது, ஒரு தரம் தாழ்கிறது, கொஞ்சம் கோட்டுக் கை மினுங்குகிறது. தம்பியின் முகம் இல்லை.

“ஏன் மூணு பேரும் அந்தப் பக்கமே பாக்குறாங்க?” என்று கேட்டாள் எதிர்வீட்டுக்காரி. “தீ கீ புடிச்சிருச்சா?”

“அங்க என் தம்பி நிக்கிறான்.”

“தெரியலையே.”

“அவங்களுக்குத் தெரியுதுல்ல.”

தம்பி முகத்தைத் தேடவேயில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, டிரம்ஸ்காரன் இரண்டாவது அடியில் அவசரப்பட்டுவிட்டான் என்று மட்டும் சொன்னான். இவனோடு பிறந்ததற்கு ஒரு தையல் மெஷினோடு பிறந்திருக்கலாம் என்று அக்காவுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு மயில் கோட்டை அனுப்பினான், உள்துணி கிழிந்துவிட்டதாம். விரித்து விரித்துக் கிழிந்ததுதான். அவள் உள்துணியை அழகாகத் தைத்தாள். அப்படியே இரண்டு அக்குளிலும் கொஞ்சம் பிடித்துத் தைத்தாள். அடுத்த நிகழ்ச்சியில் பாட்டு முடிந்ததும் மயில் கையை விரிக்கப் போனான். முழங்கை விலாவை விட்டு ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றான்.

மறுநாள் கோட்டும் கையுமாக வந்து நின்றான். “ரொம்ப இறுக்குதுக்கா.”

“உடம்பு போட்டுட்டீங்க,” என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல்.

பின்னறை வாசலில் நின்றிருந்த தம்பி கோட்டை வாங்கிப் பார்த்தான். அக்குளில் விரலை விட்டுத் தையலைத் தடவினான். அக்காவைப் பார்த்தான். கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து கிட்டாரை இழுக்கக் குனிந்தான். சிரித்தானா என்பது தெரியவில்லை. எழுந்திருக்க மட்டும் வெகு நேரம் பிடித்தது.