முகம் மட்டும் எடுப்பவர்

“மோவாய கொஞ்சம் எறக்கு... ஆங், அப்டியே இரு.” உப்பளத்துக் கரையில் பாழடைந்து கிடக்கும் மோட்டார் கொட்டகைக்குள் தவழ்ந்தபடி சிவஞானம் இப்படிக் கெஞ்சுவது ஒரு கூகையிடம். மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் கடை வைத்திருப்பவர். கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே பேச்சுதான் பறவையிடமும். என்ன, கூகை தலை சீவிக்கொள்ளச் சீப்பு கேட்பதில்லை.

இயல்பிலேயே பயந்த மனிதர். தெருநாய்க்குப் பயந்து சந்து மாறிப் போவார். கூகையின் நகம் கண்ணைப் பிடுங்கிவிடும் என்று யாரோ சொன்னதிலிருந்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டுதான் படமெடுக்கிறார். அதன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு கேமராவுக்குள் பார்ப்பார். இறகு லேசாக அசைந்தால் படக்கென்று இறக்கிவிடுவார். இருந்தும் ஆசை விடாது. கருடனோ வல்லூறோ ஆந்தையோ, எதைக் கண்டாலும் அவருக்கு வேண்டியது முகம் மட்டும்.

“சாக்குருவி மூஞ்சிய ஊட்டுக்குள்ள மாட்டுனா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்டுவேன்” என்று மனைவி ரேணுகா சொல்லிவிட்டதால் படங்கள் ஃபேஸ்புக்கோடு சரி. முகத்தைச் சுற்றி விரற்கடை இடம்கூட விடமாட்டார். அதற்கும் காரணம் பயம்தான். “பின்னால செவுரு தெரிஞ்சாக்கூட எடத்தக் கண்டுபுடிச்சிடுவானுங்க. அமாவாச பூசைக்கு இதத் தேடிக்கினு அலையறானுங்க” என்பார். எங்கே எடுத்தது என்று கேட்டால், பெருமுக்கல் மலையில் என்று கூசாமல் பொய் சொல்வார்.

போன வாரம் போட்டது அவரே மெச்சிக்கொண்ட படம். வட்ட முகம், ஈரம் மின்னும் இரண்டு கருங்கண்கள். இன்று மதியம் முன்பின் தெரியாத ஒருவன் அதில் கண்ணை மட்டும் பெரிதாக்கி அவருக்கே திருப்பி அனுப்பியிருந்தான். விழிக்குள் கொட்டகை வாசல் தெரிந்தது. வாசலுக்கு வெளியே உப்புக் குவியல், அதை ஒட்டிச் சாய்ந்து நிற்கும் இரட்டைப் பனை. நடுவில் ஹெல்மெட்டோடு சிவஞானம். கீழே எழுதியிருந்தான்: “நம்ம ஏரியாதான் போல. நாளைக்கு அமாவாச. தேங்க்ஸ்ணா.”

சிவஞானம் உடனே வனத்துறைக்குப் போன் செய்தார். விடிந்ததும் வருவதாகச் சொன்னார்கள். அதுவரை அவன் விட்டுவைப்பானா? கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

“போ! எங்கனா போய்டு!” கொட்டகைக்குள் நுழைந்ததும் கையைத் தட்டினார், கிடந்த தகரத்தை உதைத்தார். கூகை நகரவில்லை. மாதக்கணக்கில் வந்துபோகிற ஆள்தானே என்று அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பகலில் வெளியே போனால் காக்கைகள் விரட்டிக் கொத்தும். கொத்தட்டும், சாக்குப்பைக்குள் போவதற்கு அது எவ்வளவோ மேல். இப்படிப் பழக்கிவைத்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். வரப்பின் மேல் பைக் ஒன்று வரும் சத்தம் கேட்டது. சிவஞானம் உப்பேறிய மண்கட்டி ஒன்றைப் பொறுக்கி, அந்த முகத்தைக் குறிபார்த்து எறிந்தார்.