நல்ல சேதியோடு போய் வாங்கிக் கொடுத்த அறை

பொங்கல் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. என் கண்ணெதிரே ஒரு பெண் குழந்தை பளாரென்று அறை வாங்கினாள். காரணம் — நான்!

நான் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. புகார் சொல்லவும் போகவில்லை. அஞ்சாம் வகுப்பில் என்னிடம் படிக்கிற செல்வி வாய்விட்டுப் பாடம் வாசித்தால் வகுப்பே பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கும். அவளை வருகிற ஜூனோடு நிறுத்திவிட்டு, வீட்டிலிருக்கிற கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்தது. 'நிறுத்தாதீங்க' என்று சொல்லத்தான், ஸ்கூல் விட்டதும் அவள் வீட்டுக்குப் போனேன்.

அப்பா முருகேசனுக்குப் பீங்கான் சூளையில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் என்னைப் பார்த்தாரோ இல்லையோ, திரும்பி மகளுக்கு ஒன்று விட்டார்.

"என்னாடி பண்ண ஸ்கூலுல? டீச்சரம்மா வூடு தேடி வர்ற அளவுக்கு?"

"ஐயோ, அவ ஒண்ணும் பண்ணலீங்க! நல்லா படிக்கிறான்னு சொல்லத்தான் வந்தேன்" என்றேன் பதறிப்போய்.

அவர் கை அப்படியே நின்றது. "நல்லது சொல்லக்கூட வருவாங்களா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

பதினோரு வருஷ சர்வீஸ். பெற்றோரை வரச் சொல்லி எத்தனை தடவை ஆள் அனுப்பியிருக்கிறேன்! ஒரு தடவையாவது நல்ல சேதிக்காக...? ஞாபகம் இல்லை. வந்த விஷயத்தைக்கூட முழுசாகச் சொல்லாமல் திரும்பினேன்.

லீவு முடிந்தது. செல்வியை வாசிக்கச் சொன்னேன். எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. அடுத்த நாலு நாளும் இதே கதை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

டீச்சர்கள் அறையில் இதைச் சொல்லி அழாத குறை. "நமக்கெதுக்கு வூடு வூடா அலையற வேலை?" என்றார்கள். மூன்றாம் வகுப்பு ரஹ்மத் டீச்சர் மட்டும் யோசித்தார்.

"நீங்க அந்த ஒரு வூட்டுக்கு மட்டும் போனீங்க. அதான் பயந்துட்டார். தெருவுல நம்ம புள்ளைங்க இருக்கற எல்லா வூட்டுக்கும் போவோம், நானும் வரேன். ஒவ்வொரு புள்ளயப் பத்தியும் ஒரு நல்ல வார்த்தை. ஆனா பொய் சொல்லக் கூடாது."

அந்தக் கடைசி நிபந்தனைதான் ஆளைக் கொன்றது! ஒரு வாரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கணக்கில் முட்டை வாங்குகிற ஜரினா, கீழே விழுந்த குழந்தைகளை முதல் ஆளாக ஓடிப் போய்த் தூக்குகிறாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தது என் கண்?

சனிக்கிழமை கிளம்பினோம். முதல் இரண்டு வீட்டிலும் பதறினார்கள். மூன்றாவது செல்வி வீடு; அங்கே எங்களுக்கு முன்னால் சேதி போய்விட்டது. முருகேசன் பாயை உதறிப் போட்டார். செல்வி கதவுக்குப் பின்னால்.

"எவ்வளவு நல்லா படிக்கிறான்னு நீங்களே கேளுங்களேன்" என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் இன்லண்டு லெட்டரை எடுத்தார். திட்டக்குடியிலிருந்து அவர் அக்கா யாரையோ விட்டு எழுதி அனுப்பியது. அவருக்குப் படிக்கத் தெரியாது. டீக்கடையில் யாரிடமாவது கொடுக்கலாம் என்று வைத்திருந்தாராம். "சின்னப் புள்ள, இதுக்கு என்னா தெரியும்னு இருந்துட்டேங்க."

செல்வி தயங்கித் தயங்கி வந்தாள். இரண்டு வரி முணுமுணுப்பு. மூன்றாவது வரியில் அத்தையின் குரலே வந்துவிட்டது! "ஏண்டா தம்பி, அக்கா ஒருத்தி இருக்கறதே மறந்துபோச்சா?"

செல்வியின் அம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். முருகேசன் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அன்னிக்கு அடிச்சிட்டேம்மா... கோச்சுக்காத" என்றார் மகளிடம். பிறகு என்னிடம், "ஆறாம் கிளாசுல எப்ப சேக்கணும்னு சொல்லுங்க டீச்சரம்மா. நானே கூட்டிட்டு வரேன்."

செல்வி என்னைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். எனக்கு அது போதும்.

குறை சொல்ல மட்டுமே ஒருவர் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தால், நம் செருப்புச் சத்தமே அவர்களுக்குக் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. வாத்தியார்களுக்கு மட்டுமா இது?

இப்போது சனிக்கிழமை தவறாமல் போகிறோம். எந்த வீட்டிலும் டீ குடிக்காமல் விடுவதில்லை. டாக்டர் டீயைக் குறைக்கச் சொல்கிறார்... எந்த வீட்டில் குறைப்பது என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார்!