சாட்சியில் சொல்லாமல் விட்ட வெந்நீர்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, போன வருடம் ஆம்பூரில் நம் சபை முன் எழுந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1983, லெந்து உபவாச நாட்கள் தொடங்கிய வாரம். நான் தோல் பதனிடும் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் வேலை செய்கிறவன். ஈரத் தோலை இழுத்து வரும்போது வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தபோது அழுதுவிட்டேன். எலும்பு கூடியிருந்தது, கை மடங்கவில்லை. ஜெபத்துக்குக் கைகூப்பினால் உள்ளங்கைகள் ஒட்டவில்லை. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கலாம். எனக்கு மூன்று பிள்ளைகள். "ஆண்டவரே, இந்தக் கை போனா நாங்க இன்னா பண்ணுவோம்?" என்று கதறினேன்.

அங்கே கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அம்மா ஒருவர் இருந்தார். கண்டிப்பானவர். உப்புப் போட்ட வெந்நீரில் கையை ஊறவைக்க வேண்டும். முன்கையை மேசைமேல் வைத்து, விளிம்புக்கு வெளியே கையைத் தொங்கவிட்டு ஏற்றி இறக்க வேண்டும். ஈரத் துண்டைப் பிழிய வேண்டும். கடைசியாக, நெஞ்சுக்கு நேரே கைகூப்பி அப்படியே மெல்லக் கீழே இறக்க வேண்டும். தினம் மூன்று வேளை.

"வலிக்குதேம்மா" என்றேன்.

"கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பயந்து விட்டுட்டீங்கன்னா கை இப்படியே நின்னுடும்" என்றார்.

காலையில் எங்கள் அடுப்பில் முதலில் ஏறியது என் கைக்கான வெந்நீர்தான். என் மனைவி சலோமி எதிரே உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பத்து வாரம் இப்படியே போனது.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் கைகூப்பினேன். இரண்டு உள்ளங்கைகளும் முழுதாகச் சேர்ந்தன! அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. முன்னால் ஓடினேன். "மருந்தும் இல்ல, பயிற்சியும் இல்ல, கர்த்தர் ஒரே நிமிஷத்துல தொட்டாரு!" என்றேன். சபை முழுவதும் அல்லேலூயா சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். உப்புத் தண்ணீரைச் சொன்னால் யார் அல்லேலூயா சொல்வார்கள்? அதுதான் என் புத்தி.

வீட்டுக்கு வரும் வழியில் சலோமி ஒன்றே ஒன்று கேட்டாள்: "நான் காய்ச்சின தண்ணியெல்லாம் எங்கங்க போச்சு?" மறுநாள் காலையும் வெட்கமில்லாமல் அதே வெந்நீரில் கையை விட்டேன்.

நான் சாட்சி சொன்ன அன்று பின்வரிசையில் கிருபை இருந்தாள். ஷூ கம்பெனியில் மிஷின் தைக்கிற பெண். பஸ் படியில் தவறி விழுந்து அவளுக்கும் மணிக்கட்டு முறிந்து, கட்டுப் பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. என் சாட்சியைக் கேட்டதும் அவள் பயிற்சிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது தெரியாது. ஐந்து மாதம் கழித்து, ஆராதனை முடிந்து "ஸ்தோத்திரம் அண்ணே" என்று அவள் கைகூப்பியபோதுதான் பார்த்தேன். கைகள் சேரவில்லை. மிஷினிலிருந்து எடுத்துப் பெருக்குகிற வேலையில் போட்டிருந்தார்கள்.

"உங்களத் தொட்டாரு. எனக்கு விசுவாசம் கம்மி போல அண்ணே" என்று சிரிக்கப் பார்த்தாள்.

மூன்று நாள், "ஆண்டவரே, அவளுக்கு ஒரு அற்புதம் செய்யும்" என்று ஜெபித்தேன். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. பிறகு, "என் வாயைத் திறந்துவிடும்" என்று கேட்டேன். அந்த ஜெபத்துக்கு உடனே பதில் வந்தது. சலோமியையும் கூட்டிக்கொண்டு கிருபை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

கிருபை தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "அப்போ எம்மேல தப்பு இல்லியா?" என்றாள்.

"இல்லம்மா. என்மேலதான்."

அப்போதுதான் அழுதாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமையே மூவரும் வேலூர் போனோம். பயிற்சி அம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்பவே வந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இப்போது சாயங்காலம் கிருபை எங்கள் வீட்டுக்கு வருகிறாள். சலோமி வெந்நீர் வைக்கிறாள், நான் எண்ணுகிறேன். கத்தரிக்கோல் பிடிக்க வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பாதி நேரம் மிஷினில் உட்கார வைக்கிறார்கள். கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் கை முழுதாக வளையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்பானவர்களே, என்னைக் குணமாக்கியவரை நீங்களும் நம்புங்கள். அவர் வெந்நீர் வழியாகவும் தொடுகிறவர். சாட்சி சொல்ல எழுந்தால் அந்த வெந்நீரையும் சொல்லுங்கள். பின்வரிசையில் யார் எந்த வலியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் எல்லோரும் கண்களை மூடும்போது நான் சற்றுத் தாமதிக்கிறேன். கிருபை கைகூப்புகிறாள். நடுவில் இன்னும் இடம் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் என் கைகளைச் சேர்க்கிறேன்.