மெழுகுக்குள் இருந்த துண்டு

பிள்ளைகளே, உங்கள் அத்தா என் நெற்றியில் இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதி வைக்கிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிக் கூடத்தில், புற்றுநோய்ச் சதையை மெழுகுக் கட்டிக்குள் பதிப்போம். அதை வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். டாக்டரம்மா அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார்.

அறந்தாங்கிப் பக்கம் ஓர் அம்மாவுக்கு இந்த நோயால் காலை எடுத்தார்கள். நம் வழக்கப்படி அந்தக் காலை வெள்ளைத் துணியில் சுற்றிக் கபர்ஸ்தானில் அடக்கினார்கள். பிறகு அவரும் மவுத்தாகி, அதன் பக்கத்திலேயே அடக்கமானார். காலிலிருந்து ஒரு துண்டு எங்களிடம் இருக்கிறது என்று, துபாயிலிருந்து வந்த மகன் காதில் யாரோ போட்டுவிட்டார்கள்.

கதவை உதைத்துக்கொண்டு வந்தான்.

“எங்க எங்கம்மா? சூப்பு வச்சுக் குடிச்சிட்டீங்களா? முழுசா அடக்க விடமாட்டீங்களா?”

“தம்பி, உங்கம்மா சம்மதிச்சுத்தான் குடுத்தாங்க” என்றார் டாக்டரம்மா.

ஸ்டூல் பறந்தது. அலமாரிக் கண்ணாடி நொறுங்கியது. அவர் மேல் பாயப் போனவனுக்குக் குறுக்கே விழுந்தேன்.

“நீயும் தொப்பி போடுறவன்தானடா? மய்யித்தைத் துண்டு போட விட்டுட்டுச் சம்பளம் வாங்குறியா?”

மைக்ரோஸ்கோப்பைத் தூக்கினான். குர்பானி ஆட்டைப் பிடிப்பதுபோல அதன் அடியைக் கட்டிப்பிடித்தேன். இழுத்த இழுப்பில் லென்ஸ் முனை என் நெற்றியைப் பிளந்தது. விலாவில் மிதித்தான். மறுபடியும் மிதித்தான். ரத்தம் கண்ணை மறைத்தது. நான் விடவில்லை.

“இந்தாங்க, இதுதான்! அவரை விட்ருங்க!” டாக்டரம்மா மெழுகுக் கட்டியை நீட்டினார்.

அவன் கால் நின்றது. மெழுகுக்குள் நகக்கண் அளவு, பழுப்பாக.

“இம்புட்டுத்தானா?”

“இம்புட்டுத்தான்.”

அதைச் சட்டைப் பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டான். வாசலில் திரும்பி, “அண்ணே, தையல் போட்டுக்கிருங்க” என்றான்.

தையல் போட்டுவந்து கூட்டும்போதுதான் பார்த்தேன். மைக்ரோஸ்கோப்பின் கிளிப்பில் விரிசல் விட்ட கண்ணாடித் தகடு ஒன்று அப்படியே மாட்டியிருந்தது. ரோஸ் நிறத்தில் சின்னக் கறை. ஓரத்து நம்பரைப் பார்த்தேன், அந்த அம்மாவுடையதேதான். எடுத்துக்கொள்ளட்டுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தனியாக அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். கபர்ஸ்தானில் அந்த அம்மாவின் பெரிய மேட்டுக்கும் காலின் சின்ன மேட்டுக்கும் நடுவில் யாரோ புதிதாக மண்ணைத் தட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில், கண்ணாடி யார் காலிலும் குத்தாதபடி ஆழமாகத் தோண்டி, சுற்றியிருந்த கைக்குட்டையோடு வைத்து மூடினேன்.