தேவகி உட்கார்ந்து பார்த்த கல்

சேகர் அழைத்தபோது ஹில்கிராஃப்ட் மளிகைக் கடை வாசலில் காருக்குள் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். "காலைல போயிட்டா, வசந்தி" என்றார். அவர் மனைவி தேவகிக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது, எதிர்பார்த்த செய்திதான். பிறகு, "மடத்துக்கு போன் பண்ணினேன். அவளுக்காக மணி அடிச்சாங்களாம்" என்றார். எதற்கு மறைக்க வேண்டும்? அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. நான் போனால் எனக்கு யார் மணி அடிப்பார்கள்?

நாங்கள் இருவரும் ஹூஸ்டனில் ஒரே அலுவலகத்தில் கட்டடப் பொறியாளர்கள். அந்த மடத்தில் பழைய மண்டபம் ஒன்றைத் திரும்பக் கட்டும் வேலையை மேலாளரிடம் விடாமல் கேட்டு வாங்கியவள் நான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினில் வெள்ளை அங்கி அணிந்த கத்தோலிக்கத் துறவிகள் எழுப்பிய மண்டபம் அது. தினமும் காலையில் தங்கள் ஒழுங்கு நூலில் ஓர் அத்தியாயம் படித்து, சுற்றி உட்கார்ந்து மடத்துக் காரியங்களைப் பேசும் இடம். பின்னாளில் அரசு மடத்தை மூடியது. மண்டபத்தில் ஆடு கட்டினார்கள். டெக்சாஸ் எண்ணெய் முதலாளி ஒருவர் அதை வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்தார். கட்டவில்லை. திறந்த வெளியில் கிடந்த கற்களில் பெயிண்டால் எழுதிய எண்களை மழை கழுவிவிட்டது. கடைசியில் இங்குள்ள ஒரு சிறு மடத்துத் துறவிகள் அவற்றைக் கேட்டுப் பெற்றார்கள்.

நான் ஸ்பெயின் போய் அப்படிப்பட்ட மண்டபங்களை அளந்து பார்த்தவள். வரைபடம் என்னுடையது. தேவகி துணைக்கு வந்தாள். புல்வெளியில் கற்களுக்கு நடுவே நடந்தவள், வாசற்படி என்று நான் குறித்திருந்த ஒரு கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இது படி இல்லடி."

"வேற என்ன?"

"படின்னா மேல, நடுவுல தேயும். இது முன்பக்கம் கீழ தேஞ்சிருக்கு பாரு. குதிகால் பட்டுப் பட்டுத் தேஞ்சது. இது உக்கார்ற திண்டு."

குனிந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. படிகள் என்று நான் ஒதுக்கியிருந்த கற்களைச் சுவரோரம் வரிசையாக வைத்தபோது, குறுகலாக நான் வரைந்திருந்த மண்டபம் அகன்று சதுரமானது. அதுவரை எங்கும் பொருந்தாமலிருந்த வளைவுக் கற்களும் பொருந்தின. அன்று ஃப்ரீவேயில் திரும்பும்போது எரிச்சலோடு வண்டியை ஓட்டினேன். அவள் பாட்டைப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். அதற்கும் கோபம் வந்தது.

மேற்கூரை வளைவுகளின் பாரம் எந்தச் சுவரை எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு முழுவதும் நான் போட்டது. சுண்ணாம்புக் காரை இறுகிய பிறகு, வளைவுகளைத் தாங்கிய மரச்சாரத்தை இறக்கும் நாள் வந்தது. ஆப்புகளைத் தளர்த்தத் தளர்த்த, மேலே ஏதோ நெரியும் ஓசை கேட்டது. கொஞ்சம் தூசி விழுந்தது. பிறகு ஓசை அடங்கியது, வளைவு விழாமல் நின்றது. மடத்துத் தலைவர் கண் கலங்கத் தேவகியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் உடனே என்னைக் காட்டி, "கணக்கு அவளோடது" என்றாள். பாராட்டு என் பக்கம் திரும்பியது. ஆனால் அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கல்லவா வாய்த்தது என்று அப்போதும் மனம் எரிந்தது.

என் மகள் கட்டடக்கலை வரலாறு படிக்கிறாள். ஏன் என்று யாராவது கேட்டால், "பிகாஸ் ஆஃப் தேவகி ஆன்ட்டி" என்கிறாள். வீட்டில் நான் காட்டிய ஸ்பெயின் படங்கள் அவளுக்கு நினைவிலேயே இல்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, தேவகி தலையணைக்கடியிலிருந்து ஒரு வரைபடத்தை எடுத்து நீட்டினாள். மண்டபத்துக்கு வெளியே துறவிகள் நடப்பதற்கான தாழ்வாரம். படுத்தபடியே வரைந்திருக்கிறாள்.

"பாத்து சொல்லு."

"ஆபீஸ்ல யார்கிட்டயாவது காட்டலாமே. இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"அவங்கல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க. நான் எங்க தப்பு பண்ணியிருக்கேன்னு கண்டுபிடிக்க உனக்குத்தான் அவ்வளவு ஆசை."

அவள் சிரித்தாள். இத்தனை வருடமும் என் பொறாமை தெரிந்தே பழகியிருக்கிறாள். எனக்கு முகம் சுட்டது. ஆனாலும் பேனாவை எடுத்தேன். ஒரு தூண் இடம் தவறியிருந்தது, வட்டமிட்டேன். "பாத்தியா" என்று வாங்கிக்கொண்டாள்.

தாழ்வார வேலை இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் என் வரைபடத்தை முடித்து அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. நானே திரும்ப உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டையும் தேவகி போட்டதாக நினைத்துக்கொண்டு, எங்கே தவறியிருக்கிறாள் என்று தேடினேன். இரண்டு பிழைகள் கிடைத்தன. அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தப் பொறாமைதான். இதை வேறு யார்மேலும் மாற்றி வைக்க எனக்கு மனம் இல்லை.