முதல் நடையில் மட்டும் கடித்த கியர்

கியர் கடித்தால் முதலில் ஓட்டுகிறவனைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கொள்கை இருந்தது. யாரும் கற்றுத் தந்ததல்ல, என் திமிரில் நானே உண்டாக்கிக்கொண்டது. யுத்த காலத்தில் தென்காசியில் ஒரு பஸ் முதலாளியிடம் மெக்கானிக்காக இருந்தபோது, அந்தக் கொள்கையை வைத்து ஒரு மனிதரை டிரைவர் சீட்டிலிருந்து இறக்கினேன்.

அப்போது பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. எங்கள் பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைப் பொருத்தி, அதில் வரும் வாயுவில் தென்காசியிலிருந்து குற்றாலம், இலஞ்சி வழியாகச் செங்கோட்டைக்கு ஓட்டிக்கொண்டிருந்தோம். கியர் பெட்டிக்கு ஊற்றும் கெட்டி எண்ணெயும் கிடைக்கவில்லை. சித்திரை மாதத்தில் நான் பாதிக்குப் பாதி தேங்காய் எண்ணெய் கலந்து ஊற்றிச் சமாளித்தேன். முதலாளி நாலு பேரிடம் சொல்லி மெச்சினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவர் இலஞ்சிக்காரர், ஐம்பதை நெருங்கியவர். அந்தக் காலத்து கியர் பெட்டி லேசில் மசியாது. கிளட்சை ஒருமுறை மிதித்து, கியரை நடுவில் நிறுத்தி, காலை எடுத்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். நடுவில் விடும் நேரம் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே பல்லோடு பல் உரசிக் கத்தும். அந்த நேரத்தை அளக்க அவர் ‘முருகா’ என்று சொல்லுவார். முதல் மிதிக்கு ‘முரு’, இரண்டாவது மிதிக்கு ‘கா’. அந்தக் ‘கா’வோடு கியர் சத்தமில்லாமல் போய் உட்காரும். இருபது வருஷமாக அவருக்கு அதுதான் கணக்கு.

மார்கழி பிறந்ததும் கியர் கடிக்கத் தொடங்கியது. விடிந்ததும் கிளம்பும் முதல் நடையில், குற்றாலம் போய்ச் சேரும்வரை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கரகரவென்று சத்தம். பிரயாணிகள் முகம் சுளித்தார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “கோளாறு வண்டியிலயா, ஆளுகிட்டயா? பாத்துச் சொல்லும்” என்றார்.

நான் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் பார்த்தேன். கியர் வெண்ணெயாக விழுந்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

“முதல் நடையில மட்டுந்தான் கடிக்குது தம்பி. குத்தாலம் தாண்டிட்டா சரியாப் போவுது. பெட்டியத் தொறந்து ஒருதடவ பாரேன்” என்றார் டிரைவர்.

“பெட்டியில ஒண்ணுமில்ல அண்ணாச்சி. குளிருல ஒங்க கைதான் வெறைக்குது. இப்படி முருகா முருகான்னு இழுத்துக்கிட்டே இருந்தா, அவரா மயில விட்டு எறங்கி வந்து கியர் போடுவாரு?”

பஸ் கொட்டகையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அவர் தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கோளாறு ஆளிடம்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். மறுநாள் முதல் அவருக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. வடகரையிலிருந்து வந்த இளவட்டம் ஒருவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். யுத்த காலத்தில் வேறு எந்த பஸ்ஸுக்குப் போவார்? தான் ஓட்டிய வண்டியின் பின்னாலேயே கரி மூட்டையோடு நின்றார். புதியவனுக்கும் காலையில் கியர் கடித்தது. புதுக்கை, பழகட்டும் என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

பத்து நாள் கழிந்திருக்கும். ஒரு காலையில் குளிக்கப் போகுமுன், வழக்கம்போலத் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்க் குப்பியை அடுப்போரம் வைத்து உருக்கிக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் செய்கிற காரியம்தான். குப்பிக்குள் வெள்ளையாக உறைந்திருந்தது ஓரத்தில் இளகி நழுவியது. கியர் பெட்டியில் கலந்து ஊற்றியதும் இதே தேங்காய் எண்ணெய்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குளிக்காமலே கொட்டகைக்கு ஓடினேன். கியர் பெட்டியின் அடித் திருகைக் கழற்றினேன். ஒரு சொட்டு விழவில்லை. விரலை விட்டுப் பார்த்தேன், வெண்மையாகக் கட்டி ஒட்டிக்கொண்டு வந்தது. உறைந்த எண்ணெய் உள்ளே பல்சக்கரத்தைப் பிடித்து இழுக்கும்போது அது சீக்கிரமே சுழற்சி குறைந்துவிடும், ‘முருகா’ என்று சொல்லி முடிக்கும் வரை காத்திருக்காது. ஓடி ஓடிச் சூடேறினால் எண்ணெய் உருகிவிடும், வண்டி மறுபடி அவர் கணக்குக்கு வந்துவிடும். அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தினமும் காலையில் குப்பியை உருக்கிய எனக்கு அது தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முதலாளியிடம் உள்ளதைச் சொன்னேன். அலைந்து கெட்டி எண்ணெய் ஒரு டின் தேடிப் பிடித்து, பெட்டியைக் கழுவி ஊற்றினேன். மறுநாள் முதல் நடைக்கு அவரே சீட்டில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் கரி இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

முதல் மாற்றத்திலேயே கியர் கடித்தது. இரண்டாவதும் கடித்தது. பெட்டியில் கோளாறில்லை என்று எனக்குத் தெரியும், முந்தின நாள் சாயங்காலம் நானே ஓட்டிப் பார்த்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு ஒட்டிக்கிடந்தது.

“அண்ணாச்சி, முருகான்னு சொல்லுங்க. முன்னமாதிரி சொல்லுங்க” என்று கெஞ்சினேன்.

“சொல்லத்தான் வாயத் தொறக்கேன். நீ சிரிச்ச சிரிப்புல்லா முன்னால வந்து நிக்குது” என்றார். குரலில் கோபம் இல்லை.

குற்றாலம் தாண்டியும் கடித்தது. இலஞ்சியில், அவருடைய ஊர்க்காரர்கள் ஏறுவதற்காகக் காத்து நின்ற இடத்தில், வண்டியை நிறுத்தினார். துண்டால் ஸ்டீயரிங்கைத் துடைத்துவிட்டு இறங்கினார்.

“கை போயிட்டு தம்பி. நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்.”

நான் மறுத்துச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. பின்னால் போய்க் கரி மூட்டையைப் பிரித்தார். செங்கோட்டை வரைக்கும் நான் ஓட்டினேன், கியர் ஒரு தடவைகூடக் கடிக்கவில்லை.