நிறம் பார்த்துப் புத்தகம் எடுத்தவர்கள்

வாசகர்களோடு மாரடிக்கும் சக நூலக உதவியாளர்களே, எடுத்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைக்கும் மனிதரை நீங்கள் கண்டதுண்டா? கல்முனைப் பக்கத்தில் எங்கள் பொது நூலகத்தில் நான் கண்டதில்லை. புத்தக முதுகிலுள்ள பகுப்பிலக்கம் யாருக்கும் விளங்கவில்லையே, துறைக்கொரு நிறத்தில் லேபல் ஒட்டுவோம் என்று நூலகர் தவமணி மிஸ்ஸிடம் கெஞ்சினேன். "ஒரு மாதம் பாப்பம். சரிவராட்டி அவ்வளவையும் நீங்கதான் சுரண்டி எடுக்கணும், றிஸ்வானா" என்றார்.

கட்சி நிறம்

இஸ்லாமிய மார்க்க நூல்களுக்குப் பச்சை, விஞ்ஞானத்துக்கு நீலம். மார்க்க நூலைக் காலடியில் வைக்கலாமா? மேல்தட்டில் வைத்தேன். இது தேர்தல் காலம், பச்சையும் நீலமும் எதிரெதிர்க் கட்சிகளின் நிறம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. பத்திரிகை பார்க்க வரும் அண்ணன் வயதுக் காக்கா ஒருவர் தட்டுகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மேசையில் ஓங்கி அடித்தார். "பச்சய கண்ணுக்கு நேர வெச்சிப்போட்டு நீலத்தக் கீழ போட்டிரிக்கீங்க. இது ஆர்ர வேல தங்கச்சி?"

வெயில்

சிறுவர் நூல்களுக்கு ரோசா. வெளியே கொடுக்காத பெரிய நூல்களுக்குச் சிவப்பு. யன்னலோரத்துச் சிவப்பெல்லாம் வெயிலில் வெளிறி ரோசாவாகிவிட்டது. நான் இல்லாத நேரம் யாரோ ஒரு மருத்துவ நூலையும் கொடுத்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கொண்டுவந்த தாய், அக்கா முறையில் என்னைக் கூப்பிட்டு, மேசையில் போட்டார். "படக்கதை எண்டு எடுத்திட்டுப் போனா, உள்ளுக்க முழுக்க மனிசன்ட குடல், ராத்தா! புள்ள அழுவான் எண்டு பாத்தா, அடுத்த பாகம் கேக்கிறான்!"

நெற்பூச்சி

சொறிக்கல்முனையில் வயல் செய்யும் ஐயா ஒருவர் விவசாயத் தட்டிலிருந்து மஞ்சள் லேபல் புத்தகம் ஒன்றை எடுத்தார். பைண்ட் பண்ணியது, அட்டையில் பெயரில்லை. நிறத்தை நம்பி நானும் திகதி முத்திரை குத்திக் கொடுத்தேன். மறுநாளே படபடத்துக்கொண்டு வந்து நின்றார். "பிள்ள, நான் தேடினது பூச்சிக்கு அடிக்கிற நஞ்சு. இதுக்குள்ள அத மாமனாருக்கு ஊத்திக் குடுக்கிறாங்க!"

கடைசி நாள்

திறந்து பார்த்தேன். துப்பறியும் நாவல்! நாவலுக்கு நான் ஒட்டிய ஊதா லேபலின் மேல் யாரோ மஞ்சளை ஒட்டி, ஆள் போகாத விவசாயத் தட்டில் ஒளித்திருக்கிறார்கள். மிஸ் தந்த மாதமும் அன்றோடு முடிகிறது. இனிச் சுரண்ட வேண்டியதுதான் என்று அதை மிஸ்ஸின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மிஸ் பாய்ந்து எழும்பி, இரண்டு கையாலும் வாரி எடுத்தார். "கொலகாரன் ஆரெண்டு நான் கண்டுபிடிக்க முந்தி, இத ஏன் வெளிய குடுத்தீங்க?"

எங்கள் நூலகத்தில் நிறங்கள் நிரந்தரமாகிவிட்டன. ஏன் என்று மிஸ்ஸும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.